சோஹார் முத்திரை கராமாவில் செல்லுமா?

1

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடையைத் திறந்த கையோடு ஓர் அம்மா வந்தார். பாளையங்கோட்டைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. கண்ணாடிக்குள் தொங்கிய ஆட்டுத் தொடையைக் காட்டி, "இது எந்த ஊரு ஆடு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

துபாய் கராமாவில் கறிக்கடை வைத்திருப்பவனுக்குத் தினமும் வரும் கேள்விதான் இது. இந்தியன், பாகிஸ்தானி, ஆஸ்திரேலியன் என்று விரல் நீட்டிச் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துவிடுவேன். அன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த ஆடு சோமாலியாவில் பிறந்து குட்டியாகக் கப்பலில் வந்தது. ஓமனில் சோஹார் பக்கத்தில் என் மச்சானின் பட்டியில் வளர்ந்தது. அங்கேயே அறுபட்டு, அங்கேயே ஒரு கால்நடை டாக்டர் பார்த்து முத்திரை குத்தி, மலைப்பாதை வழியாக எல்லை தாண்டி துபாய்க்கு வந்து என் கொக்கியில் தொங்குகிறது.

"ஓமன் ஆடும்மா" என்றேன்.

"அப்ப லோக்கல்னு சொல்லுங்க."

"ஆமா" என்றேன். அடுத்த மூச்சில் "இல்லை" என்றேன்.

அந்த அம்மா என்னையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பக்கத்தில் இருந்த கோழியை வாங்கிக்கொண்டு போனார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றும். கீழக்கரையில் அறுத்த கறியை ராமநாதபுரத்தில் யாரும் நிறுத்திக் கேட்கப் போவதில்லை. இங்கே இந்த ஒரு கேள்விக்குள் என் குடும்பமே மாட்டிக்கொண்டது. என் மகள் நிக்காஹ், என் அக்காவின் சமையல், என் மச்சானின் ரோஷம், ஒரு நல்ல மனிதரின் உத்தியோகம் எல்லாம் அதில் இருக்கின்றன. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது எனக்குத் தெளிகிறதா பார்ப்போம்.

2

மச்சான் என்று நான் சொல்வது ஹபீபு முகம்மதை. என் அக்கா ஜைனபின் வீட்டுக்காரர்; அக்காவை நாங்கள் லாத்தா என்போம். நான் துபாய்க்கு வந்த காலத்திலேயே அவர் சோஹாருக்குப் போய்விட்டார். துறைமுகமும் தொழிற்சாலைகளும் உள்ள ஊர். சுற்றிலும் தொழிலாளர் கேம்ப்கள். கேம்ப் நிறைய நம் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பையன்கள். வியாழக்கிழமை சாயந்திரம் டியூட்டி முடிந்ததும் ரூமுக்கு ஒரு ஆள் வீதம் மச்சான் கடை வாசலில் நிற்பார்கள். வெள்ளிக்கிழமைக் கறிக்காக.

ஊருக்கு வெளியே, மழை வந்தால் மட்டும் தண்ணீர் ஓடும் ஒரு வாதி ஓரத்தில் பட்டி. அதன் பக்கத்தில் அறுக்கும் கொட்டகை. கடை ரோட்டோரம். கஃபீல், அதாவது விசாவுக்கும் கடைக்கும் பொறுப்பேற்ற ஸ்பான்சர், ஒரு வயதான ஓமானி. சாயந்திரம் வந்து அரபிக் காப்பியான காவா குடித்து, இரண்டு பேரீச்சம்பழம் தின்று, "குல்லு தமாம்?" என்று கேட்டுவிட்டுப் போவார். எல்லாம் நலமா என்று அர்த்தம். மச்சானும் "தமாம்" என்பார். அவர்கள் இருவரும் அதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் கொட்டகைக்கு அந்த வட்டாரத்தின் பரிசோதகராக வந்தவர்தான் டாக்டர் செந்தில்வேல். நாமக்கல்காரர். உயிரோடு இருக்கும்போது ஆட்டின் கண் இமையை இழுத்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அறுத்த பிறகு ஈரலையும் நுரையீரலையும் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். கழுத்தோரக் கழலைகளைக் கீறிப் பார்ப்பார். "இது ஆகாதுங்க பாய்" என்று ஒன்றை ஒதுக்கினால் மச்சான் மறுபேச்சுப் பேசமாட்டார். மீதி ஆடுகளின் தொடையில் ஊதா மையில் முத்திரை விழும்.

இதில் வேடிக்கை, டாக்டர் கறி சாப்பிடமாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான். இந்த வேலைக்கு வந்த பிறகு விட்டுவிட்டாராம். லாத்தா ஒருமுறை காரணம் கேட்டதற்கு, "காலைல இருந்து அதையே பாத்துட்டு, மத்தியானம் தட்டுலயும் பாக்கணுங்களாக்கா?" என்றார். அப்போது குடும்பம் நாமக்கல்லில், அவர் தனியாக ஒரு ரூமில். வெள்ளிக்கிழமை மத்தியானம் லாத்தா வீட்டில்தான் சாப்பாடு. அவருக்காகவே லாத்தா கத்திரிக்காய்ப் புளியாணம் என்கிற புளிக்குழம்பும் முட்டைப் பொரியலும் செய்வாள். கறிக்கடைக்காரன் வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் கறி இல்லாத சமையல் நடந்தது அந்த மனிதருக்காகத்தான்.

பிறகு டாக்டர் தன் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ள நினைத்தார். பள்ளிக்கூட வசதி பார்த்து இந்தப் பக்கம், எமிரேட்ஸில், உணவுப் பரிசோதனை வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லையில் டியூட்டி. மச்சான் அவரை வழியனுப்பிவிட்டு வந்த அன்று கடையைத் திறக்கவில்லை என்று லாத்தா சொன்னாள்.

3

என் கடையில் ஆஸ்திரேலியாவில் அறுத்த ஆடு இருக்கிறது. பிரேசிலில் அறுத்த கோழி இருக்கிறது. அவை விமானத்திலும் கப்பலிலும் வந்தவை. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காரில் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் தூரத்தில் மச்சான் அறுக்கும் ஆடு மட்டும் அப்போதெல்லாம் என் கடைக்கு வரக்கூடாது. அந்தக் கொட்டகையைப் பார்க்கும் பரிசோதனை அந்த ஊருக்கு மட்டும்தான் செல்லும். எல்லை தாண்டி விற்கவேண்டுமானால் பெரிய ஏற்றுமதிக் கூடங்களில் அறுத்திருக்க வேண்டும். அதே ஆட்டை உயிரோடு, தகுந்த காகிதங்களோடு லாரியில் ஏற்றி வந்து இங்கே அறுத்தால் சரி. அங்கே அறுத்து, பார்த்து, முத்திரை குத்திக் கொண்டுவந்தால் தப்பு.

இதை விசாரிக்க ஒருநாள் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு அரபி கடைப்பேச்சு அளவுக்குத்தான் வரும்.

"லஹம் மஹல்லி?" என்று கேட்டார்.

எங்களுக்கு மஹல்லா என்றால் பள்ளிவாசலைச் சேர்ந்த தெரு, ஜமாத். நம் மஹல்லா ஆள் கறியா என்று கேட்கிறார், சொந்தக்காரன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். "நஅம், நஅம். மச்சான். சேம் மஹல்லா. கீழக்கரை" என்று ஆமாம் போட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்து சீட்டில் இருந்த மலையாளி சிரித்துவிட்டு, "பாய், மஹல்லின்னா உள்ளூர்னு அர்த்தம். உள்ளூர்க் கறியான்னு கேக்கறாரு" என்றார்.

"ஆமா, உள்ளூர்தான். சோஹார்."

"சோஹார் எப்படி இங்க உள்ளூர் ஆகும்?"

"அங்க உள்ளூர்."

"இங்க?"

நான் ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சிரிப்பாகச் சொன்னேன். என் மனைவி சிரித்தாள். மகள் நஸ்ரின் சிரிக்கவில்லை. அவள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். "வாப்பா, அப்ப நான் லோக்கலா?" என்று கேட்டாள். வேடிக்கையாகக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ஹோம்வொர்க் இல்லியா?" என்று கேட்டேன். அவள் காலேஜ் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பதே அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது.

4

நஸ்ரினுக்கு நிக்காஹ் முடிவானது. மாப்பிள்ளை பையனும் இங்கேயே வளர்ந்தவன். ஊரில் வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "அங்க எங்களுக்கு ஃபிரெண்ட்ஸ் யாரும் இல்லியே" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். துபாயிலேயே ஒரு ஹாலில் வைத்தோம்.

சேதி கேட்டதும் மச்சான் ஃபோனில் சொன்ன முதல் வார்த்தை, "கறி என்னோடது." மருமகள் நிக்காஹ் பிரியாணிக்குத் தன் பட்டி ஆடுகள். தன் கையால் அறுத்தது. வேறு பேச்சில்லை.

"வராது மச்சான், விடமாட்டாஹ" என்றேன்.

"இப்ப விடறாஹளாம். நீ வாட்ஸாப் பாக்கிறதில்லியா?"

அந்த மாதம் ஒரு குரல் பதிவு எல்லோர் கைக்கும் வந்திருந்தது. சின்னக் கொட்டகைகளில் உள்ளூர்ப் பரிசோதனை முடித்த கறியையும் கோழியையும் இனி எல்லை தாண்டி விற்கலாம், இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டார்கள் என்று யாரோ ஒருவர் உருது கலந்த தமிழில் சொல்லியிருந்தார். நானும் நாலு பேரிடம் கேட்டேன். ஒருவர் கோழிக்கு மட்டும் என்றார். ஒருவர் கம்பெனிக்கு மட்டும் என்றார். ஒருவர், அடுத்த வருஷம் என்றார். மச்சான் தன் கஃபீலிடம் கேட்டிருக்கிறார். அவர் "இன்ஷா அல்லாஹ்", அதாவது அல்லாஹ் நாடினால், என்றிருக்கிறார். மச்சான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பெரியவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, அவருக்குத்தான் தெரியும்.

நிக்காஹுக்கு முந்தின நாள். லாத்தாவை அழைத்து வர நான் சோஹாருக்குப் போயிருந்தேன். குளிர்பெட்டி வைத்த வேனில் ஆடுகள் வெள்ளைத் துணி சுற்றித் தொங்கின. புது டாக்டரின் முத்திரை எல்லாத் தொடையிலும். மச்சான் வேனில், நானும் லாத்தாவும் பின்னால் காரில். ஹத்தா மலைகளுக்கு இடையே அந்த ரோடு வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் லாத்தா "வேன் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஓமன் பக்கத்தில் வெளியேறும் முத்திரை போட்டு விட்டுவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் வேனை ஓரம் கட்டச் சொன்னார்கள். காகிதங்களைப் பார்த்த அதிகாரி, இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வெளியே வந்தார். டாக்டர் செந்தில்வேல்.

மச்சானின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அல்ஹம்துலில்லாஹ், நம்ம டாக்டரு!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனார். டாக்டர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். வேனுக்குள் ஏறினார். துணியை விலக்கி, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். அவசரமே படவில்லை. இறங்கி வந்து கையுறையைக் கழற்றினார்.

"கறி எப்படி டாக்டர்?" என்றார் மச்சான்.

"கறிக்கு என்னங்க பாய், அருமையா இருக்குது. பாத்து முத்திரை போட்டவரு ஒழுங்காப் பாத்திருக்காரு."

"அப்ப கிளம்பவா?"

"முடியாதுங்க பாய். அந்த ஏற்பாடு இன்னும் பேச்சுலதாங்க இருக்குது. வரும். ஆனா இன்னிக்கு இல்லீங்க."

"சரி, திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."

டாக்டர் அதிகாரியிடம் அரபியில் கேட்டார். அவர் தலையை ஆட்டிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். டாக்டர் தயங்கித் தயங்கித்தான் எங்களுக்கு அதைச் சொன்னார். "அந்தப் பக்கம் வெளியேத்த முத்திரை விழுந்துடுச்சுங்க. இப்ப திரும்பிப் போனா அங்கயும் இது வெளிநாட்டுக் கறிங்க. உள்ள விடமாட்டாங்க."

மச்சானுக்கு அது உடனே விளங்கவில்லை. எனக்கும்தான். காலையில் சோஹாரில் தொங்கிய கறி மத்தியானத்துக்குள் எந்த ஊர்க் கறியும் இல்லாமல் போய்விட்டது.

"அழிக்கணுங்க" என்றார் டாக்டர்.

ஒரு தொழிலாளி பச்சைச் சாயம் கொண்டு வந்தார். யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடாதபடி கறி மேல் ஊற்றுகிற சாயம். டாக்டர் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

அப்போது மச்சான் கேட்டார். குரல் உயரவில்லை. "டாக்டரே, நீங்க சோஹார்லயே இருந்திருந்தா இதுக்கு முத்திரை குத்தியிருப்பியளா?"

"குத்தியிருப்பேங்க."

"இங்க?"

"இங்க நின்னு குத்த முடியாதுங்க."

"ஆளு ஒண்ணுதானே?"

டாக்டர் வேனுக்குள் ஏறி, அவரே ஊற்றினார். லாத்தா காரை விட்டு இறங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

நிக்காஹ் நன்றாகவே நடந்தது. வழியிலிருந்தே என் கடைக்கு ஃபோன் செய்து, இங்கே அறுத்த ஆடுகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். பிரியாணியை எல்லோரும் புகழ்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். மச்சான் வெறும் சோறும் பருப்புத் தாளிச்சாவும் வைத்துச் சாப்பிட்டார்.

நஸ்ரின் பட்டுப் புடவையோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, ஃபீல் பண்ணாதீங்க. பிரியாணி சூப்பரா இருந்துச்சு. இது வேற கறின்னு யாருக்குமே தெரியல."

ஆறுதலாகத்தான் சொன்னாள். மச்சான் அவள் தலையில் கை வைத்தார். "ஆமம்மா, யாருக்கும் தெரியல" என்றார். அந்த வார்த்தை அவரை எங்கே குத்தியது என்று அவளுக்குப் புரிந்திருக்காது. அதற்கான தமிழ் அவளிடம் இல்லை. எனக்கு அது புரிந்தது. ஆனால் அதை இங்கிலீஷில் அவளுக்கு விளக்க என்னால் ஆகவில்லை.

அதற்குப் பிறகு மச்சான் டாக்டர் பேச்சை எடுப்பதில்லை. டாக்டர் ஃபோன் செய்தாலும் எடுப்பதில்லை. டாக்டர் எனக்கு ஃபோன் செய்வார். கராமா வரும்போது கடைக்கு வந்து நிற்பார்.

"பாய் எங்கூடப் பேசவே மாட்டேங்கறாருங்க."

"கொஞ்ச நாள் ஆகட்டும் டாக்டர்."

"அன்னிக்கு நான் உள்ளயே இருந்து வேற ஆளை அனுப்பியிருக்கலாங்க. அவரு துணியைக்கூட விலக்காம ஊத்தியிருப்பாரு. நான் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு ஊத்தினேன். எது பாய்க்கு மரியாதைன்னு எனக்கே தெரியலீங்க."

எனக்கும் தெரியவில்லை. மச்சான் பக்கம் நின்று யோசித்தால் டாக்டர் மேல் கோபம் வருகிறது. கடைக்காரனாக நின்று யோசித்தால், கண்டவன் கண்ட கறியைக் கொண்டுவந்து கொட்டாமல் இப்படி ஒருவர் காவல் நிற்பதால்தானே என் கடையில் நம்பி வாங்குகிறார்கள் என்று தோன்றுகிறது. காலையில் ஒரு பக்கமும் சாயந்திரம் ஒரு பக்கமும் யோசித்துக்கொண்டு எத்தனையோ நாள் கழிந்தது.

6

ஒரு வழியாக அந்த ஏற்பாடு வந்தேவிட்டது. எந்தக் குரல் பதிவும் வரவில்லை. டாக்டர்தான் கடைக்கு வந்து சொன்னார். "வந்துடுச்சுங்க பாய். சின்னக் கொட்டகைக்கும் உண்டு. அங்கத்திய பரிசோதனை இங்கத்தியதுக்குச் சமமா இருக்கணும், அவ்வளவுதாங்க. போய்ப் பாத்துட்டு ஒப்புதல் குடுப்பாங்க."

"யாரு போய்ப் பாக்கிறது?"

அவர் தரையைப் பார்த்தார். "சோஹார் பக்கத்துக்கு என்னையும் போட்டிருக்காங்க. இன்னொரு ஆபீசரும் வருவாரு."

மச்சானிடம் சொன்னபோது, "அவரு வந்தா நான் கதவைத் திறக்கமாட்டேன். எனக்கு துபாயும் வேணாம், ஒண்ணும் வேணாம். கலாஸ்" என்றார். கலாஸ் என்றால் முடிந்தது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசமுடியாது. லாத்தாவைத் தவிர.

"கதவை நான் திறக்கிறேன். எத்தனை வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுல சாப்பிட்டவரு. நீங்க வேணும்னா பட்டிக்குள்ள போய் ஆட்டோட நில்லுங்க" என்றாள்.

அவர்கள் வருகிற அன்று நானும் போயிருந்தேன். லாத்தா விடிந்ததிலிருந்து சமைத்திருந்தாள். கத்திரிக்காய்ப் புளியாணம், முட்டைப் பொரியல் எல்லாம். டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். உடன் வந்த ஆபீசர் பின்னால் நின்றார்.

"சாப்பிட முடியாதுங்கக்கா. பரிசோதனைக்கு வந்திருக்கேன். இன்னிக்கு உங்க வீட்டுல ஒரு வாய் டீகூடக் குடிக்கக்கூடாதுங்க. விதி அப்படி."

லாத்தா கையில் தட்டோடு நின்றாள். "சோத்துக்குமா விதி?" என்றாள்.

கொட்டகையில் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கத்தி கழுவும் சுடுதண்ணீர், கொக்கிகள், குளிர்பெட்டி, ஈக்கு வலை, உள்ளூர் டாக்டர் பார்க்கும் முறை. எல்லாம் சரி. கழிவுநீர் வாய்க்காலில் மட்டும் நின்றார் டாக்டர். வாட்டம் போதாது, தண்ணீர் தேங்குகிறது என்றார்.

அதுவரை பட்டியில் நின்ற மச்சான் அங்கே வந்தார். டாக்டரோடு பேசுவதில்லை என்று இருந்தவருக்கு வாய் திறந்துவிட்டது.

"நீங்க இங்க இருந்தப்பவும் இதே வாய்க்கால்தானே! இது மேல நின்னுக்கிட்டுத்தானே முத்திரை குத்துனிய!"

"ஆமாங்க பாய்."

"அப்ப ஏன் சொல்லல?"

"அப்ப இது போதும்னு விதிங்க. இப்ப போதாதுன்னு விதிங்க."

"வாய்க்கால் மாறலியே!"

"மாறலீங்க. இப்ப நான் பாக்கறது நாளைக்கு உங்க முகத்தைப் பாக்காத ஆளுக்காகவுந்தாங்க. சோஹார்ல வாங்கறவன் இதுல ஏதாச்சும் கோளாறுன்னா நேரா உங்க கடைக்கு வந்து சட்டையப் புடிப்பான். துபாய்ல வாங்கறவன் யாரப் புடிப்பானுங்க?"

மச்சான் குனிந்து வாய்க்காலைப் பார்த்தார். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் சண்டை போடுகிறார்களோ என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரமே மச்சான் வாய்க்காலை உடைத்தார். கேம்பிலிருந்து புதுக்கோட்டைக் கொத்தனார் ஒருவரை வைத்துப் புதிதாகப் போட்டார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஓடுகிறதா என்று அவரே குந்தி உட்கார்ந்து பார்த்தாராம். ஒப்புதல் வந்தது. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் தன் மனைவி, பிள்ளைகளோடு லீவில் அங்கே போனார். அன்று பரிசோதகர் இல்லை, விருந்தாளி. மச்சான்தான் பரிமாறியிருக்கிறார். "ஆணம் போதுமா?" என்று கேட்டாராம். லாத்தா இதை ஃபோனில் என்னிடம் சொன்னாள்.

7

கதை இங்கே முடிந்திருந்தால் நான் குழம்பவேண்டியதே இல்லை.

மச்சான் கறி கராமாவுக்கு வந்தது. முதல் வேன் வந்த அன்று நஸ்ரினும் மருமகனும் கடைக்கு வந்து ஃபோட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். நல்ல கறி. ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடி வந்தார்கள். ஷார்ஜாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மச்சானுக்கு வேன் ஒன்று போதாமல் போயிற்று.

ஆனால் ரோடு இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பதை எங்களில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்துப் பெரிய பண்ணைகளின் கோழியும் கறியும் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தன. தோலுரித்து, துண்டு போட்டு, தட்டில் அடுக்கி, மேலே பளபளப்பான தாள் ஒட்டியவை. கேம்ப் வாசலில் உள்ள கடைகளிலேயே அவை கிடைத்தன. டியூட்டி முடிந்து களைத்து வருகிற பையன்கள் ரூமுக்குப் பக்கத்தில் கிடைப்பதை வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வியாழக்கிழமை சாயந்திரங்களில் மச்சான் கடை வாசல் காலியானது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் ரோட்டோரக் கடையையே மூடிவிட்டார். இப்போது கொட்டகை மட்டும். அறுப்பதெல்லாம் வேனில் ஏறி இங்கே வந்துவிடுகிறது.

வியாபாரம் முன்பைவிட அதிகம். அவரே அதை ஒப்புக்கொள்கிறார். "ஆனா முன்னாடி ஆளுக்கு அறுத்தேன் ஜமாலு. இவனுக்குக் கொழுப்பு வேணாம், அவனுக்கு எலும்பு வேணும்னு பாத்துப் பாத்து வெட்டினேன். இப்ப வேனுக்கு அறுக்கிறேன்" என்றார் என்னிடம்.

அந்தப் பையன்களின் முகம் அவருக்குத் தெரியும். என் கடையில் அவர் கறியை வாங்குகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சோஹாரில் அந்த பாக்கெட் கோழியைத் தின்கிறவர்களின் முகம் இங்கே பண்ணையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். எல்லாக் கறியையும் யாரோ ஒருவர் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். இதில் என்ன குறை என்று என்னைக் கேட்டால் ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. குறையே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நேற்று சாயந்திரம் லாத்தா வீடியோவில் கூப்பிட்டாள். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கொட்டகையில் அறுத்ததெல்லாம் எடை பார்த்து வேனில் ஏறிவிட்டதாம். வீட்டுக்குக் கறி மிஞ்சவில்லையாம். திடீரென்று விருந்தாளி வருவதாகச் சேதி.

"உன் மச்சான் என்ன செஞ்சாஹன்னு பாரு" என்று ஃபோனைத் திருப்பினாள்.

மேசை மேல் ஒரு பாக்கெட் கோழி. இந்தப் பக்கத்துப் பண்ணைக் கோழி. கறிக்கடைக்காரர் ஹபீபு முகம்மது, கண்ணாடி போட்டுக்கொண்டு, அதன் மேல் ஒட்டியிருந்த சின்ன எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைக் கிழித்தார். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அழுத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார், எலும்பு மூட்டை மடக்கிப் பார்த்தார். டாக்டர் செந்தில்வேல் பார்ப்பது போலவே இருந்தது.

"ஜமாலு, இதை அங்க யாரு பாத்து விட்டிருப்பா?"

"தெரியல மச்சான். யாராச்சும் பாத்திருப்பாஹ."

"நல்லாத்தான் பாத்திருக்கான்."

லாத்தா அதைச் சட்டியில் போட்டாள். ராத்திரி மறுபடி கூப்பிட்டார்கள். விருந்தாளி வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். மச்சான் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, மெதுவாக மென்றார்.

"எப்படி இருக்கு மச்சான்?"

அவர் மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்குடா" என்றார். "அதுதான் எனக்கு ஒண்ணும் விளங்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.